நிவாரணப் பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் அதனோடு வந்த வெள்ளமும் மண்சரிவுகளும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், நிவாரணப் பணம் யார் கைக்குப் போனது என்ற வாதம் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பஸ் பயணங்களிலும் ஓயாமல் நடந்து வருகிறது. ஆளும் தரப்பினர் முன்னைய ஆட்சிகளின் ஊழல்களைச் சுட்டிக்காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பினர் கிராம மட்டக் குழுக்களில் இன்றைய ஆட்சியாளரின் ஆட்களே அமர்ந்திருப்பதாகக் குற்றம் சாட்டுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தச் சண்டையின் நடுவே, செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றி எவரும் அழுத்திப் பேசக் காணோம். நிவாரணம் பெற்றவர்களின் பெயரும் அவர்கள் பெற்ற தொகையும் எந்தக் காரணத்துக்காக அது வழங்கப்பட்டது என்பதும் அடங்கிய பட்டியலை, அந்தந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் வாழும் மக்கள் அனைவரும் நின்று வாசிக்கும்படி ஒட்டிவிட வேண்டும் என்பதே அது.

அரச சேவையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, சுனாமிக் காலத்தில் கிழக்குக் கரையோரப் பிரதேச செயலகமொன்றில் கொடுப்பனவுப் பட்டியல்களோடு மல்லாடி, பின்னர் கொழும்புக்கு மாற்றலாகி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்ல விரும்புகிறேன். பத்திரிகைகளில் ஊழல் என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி கோடிகளைப் பற்றியது. சாதாரணக் குடும்பமொன்றின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதோ ஒற்றைத் தாளில் எழுதப்படும் ஒற்றை வரி.

அமைச்சரவை ஒரு தொகையை அறிவிக்கிறது. திறைசேரி சுற்றுநிருபம் அனுப்புகிறது. பணம் மாவட்டச் செயலகம் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு இறங்குகிறது. அதே நேரத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கிராம உத்தியோகத்தர் எழுதுகிறார், வெளிக்கள உத்தியோகத்தர்கள் சரிபார்க்கிறார்கள், பிரதேச செயலாளர் அங்கீகரிக்கிறார். இறங்கிவரும் பணத்தை ஒவ்வொரு படியிலும் எண்ணிப் பதிகிறார்கள். வவுச்சர், கையொப்பம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு என்று அதற்கு ஆயிரம் சாட்சிகள். ஏறிப்போகும் பெயர்களுக்கோ எழுதிய கையைத் தவிர வேறு சாட்சி இல்லை. கணக்காய்வாளர் வந்து பார்க்கும்போது பட்டியலில் இருப்பவருக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார். முயன்றால், தகுதியில்லாத ஒருவர் வாங்கியிருப்பதையும் கண்டுபிடிப்பார். தகுதியிருந்தும் எழுதப்படாமல் போனவரை எந்தக் கணக்காய்வாளராலும் கண்டுபிடிக்க இயலாது, ஏனென்றால் அவரைப் பற்றிய காகிதமே அலுவலகத்தில் இருப்பதில்லை. மிகையாகக் கொடுத்தது குற்றமாகப் பதிவாகிறது. கொடுக்காமல் விட்டது எங்கும் பதிவாவதில்லை. நிவாரண விநியோகத்தின் அநீதி முழுவதும் இந்தப் பதிவாகாத பக்கத்தில்தான் குவிந்து கிடக்கிறது.

பட்டியல் வளைவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. பகுதிச் சேதம் என்ற கட்டத்தில் போடவேண்டிய அடையாளத்தை முழுச் சேதம் என்ற கட்டத்தில் போட்டால் போதும். இலட்சங்கள் இடம் மாறிவிடும். ஒரு குடும்பத்தை இரண்டாக எழுதலாம். வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வீட்டுக்கு உறவினரொருவரைக் குடியிருப்பாளராக்கலாம். தெருவில் மட்டும் தண்ணீர் நின்ற வீட்டை, உள்ளே தண்ணீர் புகுந்த வீடு என்று எழுதலாம். இவற்றுள் சில இரக்கத்தாலும் சில பயத்தாலும் சில, மேலிடத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பாலும் நடப்பவை. 'சந்தோஷமாக' ஏதாவது கைமாறி நடப்பவையும் உண்டு. எந்தக் காரணத்தால் நடந்தாலும், பட்டியல் கோப்புக்குள் இருக்கும்வரை அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்பதை அடுத்த வீட்டுக்காரரைவிட நன்றாக அறிந்த அதிகாரி எவரும் இந்த நாட்டில் இல்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

கிராம உத்தியோகத்தர்கள் மீது பழி போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்' என்று வரிசையில் நிற்பவர்கள் அவர்களைத்தான் திட்டுகிறார்கள். நாட்டில் 14,000க்கும் மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் உள்ளன; கொழும்பு நகரையும் அதன் புறநகரையும் சேர்ந்த பிரிவுகளில் ஓர் உத்தியோகத்தரின் கீழ் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. தம் வீட்டிலும் தண்ணீர் நிற்கும் நிலையில் சில நாள்களுக்குள் அத்தனை வீடுகளையும் பார்த்து எழுதி முடிக்கும்படி பணிக்கப்படும் ஒருவரிடம், அரசியல்வாதியின் ஆள் ஒரு பக்கமும் ஆத்திரப்பட்ட மக்கள் மறுபக்கமும் நின்று கத்தும்போது, நீதியை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று. பட்டியல் வெளியில் ஒட்டப்படும் என்பது சட்டமாக இருந்தால், 'சேர்த்துவிடு' என்று தொலைபேசியில் சொல்பவருக்கு, 'சேர்க்கலாம் ஐயா, ஆனால் நாளைக்குச் சுவரில் எல்லோரும் பார்ப்பார்கள்' என்று பதில் சொல்ல அந்த உத்தியோகத்தருக்கு ஒரு துணையாவது இருக்கும்.

பெரிய களவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வாசகர்கள் அவற்றை அறிவார்கள். சுனாமி நிதியில் ஏறத்தாழ 50 கோடி டொலருக்குக் கணக்குக் காண முடியவில்லை என்று 2009இல் ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நெஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பின் இலங்கைக் கிளை கூறியது. 'ஹெல்பிங் அம்பாந்தோட்டை' என்ற கணக்குக்கு 8 கோடி ரூபாய்க்கும் அதிகமான நிவாரணப் பணம் மாற்றப்பட்டது தொடர்பாக 2005இல் தொடங்கிய பொலிஸ் விசாரணையை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்தத் தீர்ப்பை வழங்கிய முன்னாள் பிரதம நீதியரசரே 2014இல் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்ததனால் விசாரணை மீளத் தொடங்கிவிடவில்லை. நமது நாட்டில் நிவாரண ஊழல் வழக்குகளின் வழக்கமான பாதை இதுதான். ஆகவே தண்டனையை நம்பிக் காத்திருப்பதைவிடத் தடுப்பதற்கு வழி தேடுவதே புத்தி.

சுனாமிக் காலத்தில் பாதிக்கப்பட்ட குடும்பமொன்றுக்கு மாதம் 5,000 ரூபாயும், ஆளொருவருக்கு வாரம் 375 ரூபாய் பெறுமதியான பங்கீடும், முழுமையாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டிருந்தன. காகிதத்தில் காலிக்கும் கல்முனைக்கும் ஒரே தொகைதான். ஆனால் கடற்கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று வீடு கட்டத் தடை விதித்தபோதே கோடு இரண்டாகிவிட்டது. சாய்ந்தமருது, கல்முனை, காரைதீவு போன்ற, வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கிய ஊர்களில் 200 மீற்றரை விட்டு விலகுங்கள் என்றால் மக்கள் எங்கே போவார்கள்? நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தில் வீடுகள் போதாமல் இருக்க, அம்பாந்தோட்டையில் தேவைக்கு மிஞ்சி வீடுகள் எழுந்தன. சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற இனப் பிணக்கிலும் நீதிமன்ற வழக்கிலும் அகப்பட்டு, குடியேற்ற ஆளிருந்தும் ஆண்டுக்கணக்கில் பற்றைக்காடாகிக் கிடந்தன. நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிடுவதற்கென்று அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூன் மாதம் கைச்சாத்திட்ட சுனாமிப் பொதுக் கட்டமைப்போ, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. பெயர்களை எழுதும் கை மாறியிருக்குமே தவிர, பட்டியல் வெளியே வந்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பட்டியல்களில் இன்றுவரை என்னை உறுத்தும் விடயம் வேறொன்று. கிழக்கிலே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கே உரியது. சீதனமாகத் தாய் வழியில் மகளுக்கு வருவது. கணவன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பவன். ஆனால் படிவத்திலே 'குடும்பத் தலைவர்' என்ற ஒரேயொரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீடும் காணியும் அந்தப் பெயருக்கே வழங்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையிலிருந்த சொத்து, களவும் இன்றி, இலஞ்சமும் இன்றி, கொழும்பிலே அச்சடித்த ஒரு படிவத்தால் கைமாறியது. கணவன் விட்டுப் போனபோது, அல்லது வீட்டை விற்றபோது, அந்தப் பெண்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கோப்பில் எல்லாம் முறைப்படி இருந்தது. ஊழலையும் சமத்துவமின்மையையும் தனித்தனி நோய்களாகப் பார்ப்பவர்கள் இந்த உதாரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊழலில் பொய்யான பெயர் எழுதப்படுகிறது. சமத்துவமின்மையிலோ உண்மையான பெயரை எழுதுவதற்குப் படிவத்தில் இடமே இருப்பதில்லை. இரண்டின் விளைவும் ஒன்றே.

இனி நான் வாழும் கொழும்புக்கு வருகிறேன். களனி கங்கையின் நீர்மட்டம் நாகலகம் வீதி அளவுமானியில் 7 அடியைத் தாண்டினால் அது பெருவெள்ளம். 2016 மே மாதத்தில் அப்படித்தான் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் சேதவத்தையும் மூழ்கின. டித்வாவின்போதும் அதே இடங்கள் மூழ்கின. இந்தப் பகுதிகளில் யார் வாழ்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நகரின் நடுவே வாடகை கட்டுப்படியாகாமல் ஒதுங்கிய தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள். ஒரு வீட்டு இலக்கத்தின் கீழ் முன்னறையில் ஒரு குடும்பம், பின்னறையில் ஒரு குடும்பம், மேலே தகரக் கூரை போட்டு மூன்றாவது குடும்பம் என்று அடுக்கடுக்காக வாழ்பவர்கள். வாக்காளர் இடாப்பில் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெயர்தான் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்களைப் பதிந்தால் பின்னர் எழுப்ப முடியாதென்ற பயத்தில் பல வீட்டுக்காரர்கள் அவர்களைப் பதிய விடுவதுமில்லை.

டித்வாவுக்குப் பின்னர் வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாய், வீட்டுப் பொருள்களை வாங்க 50,000 ரூபாய், முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. முன்னர் எந்த அரசாங்கமும் அறிவித்திராத அளவு தாராளமான தொகைகள் இவை; அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் தொகை பெருகப் பெருகப் பட்டியலுக்கான போட்டியும் பெருகும். துப்புரவுப் பணம் வீட்டுக்கு என்று சொன்னார்கள். ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பங்கள் சேறு வாரினால் அந்தப் பணம் யாருக்கு? எனக்குத் தெரிந்த தையல்காரப் பெண் ஒருவர், இடுப்பளவு தண்ணீரில் தையல் இயந்திரத்தையும் வெட்டி வைத்த துணிகளையும் இழந்தவர், வீட்டுக்காரரின் கடிதத்தோடு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார். வீட்டுக்காரரோ வேறொரு ஊரில் வசிக்கிறார். கடிதம் கொடுத்தால் தமக்கு வரவேண்டியது போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, கொடுக்கவில்லை. இப்போது அந்த வீட்டு இலக்கத்துக்குப் பணம் வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் யார் வாங்கினார் என்பதை அறிய அந்தப் பெண்ணுக்கு எந்த வழியும் இல்லை. பட்டியல் சுவரில் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். தவறு நடந்திருந்தால் ஆட்சேபிக்கலாம். நடக்காதிருந்தால் வீட்டுக்காரர் மீதான சந்தேகமாவது தீரும்.

வாடகைக்காரரைவிட மோசமான நிலையில் இன்னொரு கூட்டத்தினர் கொழும்பில் உள்ளனர். ஹற்றன், பண்டாரவளை, மஸ்கெலியா பக்கங்களிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் பங்களாக்களிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்களும் பெண்களும் பெரும்பாலும் இன்னும் தோட்டத்து முகவரியிலேயே பதிவாகியுள்ளனர். இங்கே தங்குமிடம் மூழ்கினால் 'உங்கள் பதிவு இங்கே இல்லை' என்பார்கள். அங்கே தோட்டத்தில் மண் சரிந்தால் 'நீங்கள் அங்கே இருக்கவில்லை' என்பார்கள். தோட்டத்திலுள்ள பெற்றோரின் நிலையோ வேறு. லயன் காம்பரா எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டு அறையின் கட்டடம் கம்பனியிடம் அல்லது அரசிடம். குடியிருப்பவரிடம் காணி உறுதி இல்லை. ஒரு காம்பராவுக்கு நேரே 'முழுச் சேதம்' என்று எழுதினால் அந்த இழப்பீட்டுக்கு உரியவர் யார், மூன்று தலைமுறையாக அதில் வாழ்ந்தவரா, சுவருக்குச் சொந்தக்காரரா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது இந்தக் கேள்வி எழுந்தது. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும், மாற்றுக் காணி கிடைக்காமல் மக்கள் அங்கேயே இருந்தார்கள். உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றுக்குள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அடைபட்டுக் கிடந்த பின்னரே வீடுகளைக் கண்டார்கள். மலையகத்தில் அனர்த்தம் என்பது மழையால் மட்டும் வருவதன்று. காணி உரிமை இல்லாமையால் வருவதும்கூட. டித்வாவில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கொடுத்த விலைக்குப் பிறகாவது, இழப்பீடு உறுதிக்கு உரியதா, குடியிருந்த மனிதருக்கு உரியதா என்பதைச் சுற்றுநிருபம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்.

மொழியைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழும் அரச கரும மொழி என்கிறது. கொழும்பிலே, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவரிடம் சிங்களத்தில் மட்டும் அச்சான சேத மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பம் வாங்கினால், எந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டியலை ஒட்டுவதென்றால் இரு மொழிகளிலும் ஒட்ட வேண்டும்; இல்லாவிடில் ஒட்டாமலே இருப்பதற்கு அது சமம்.

பட்டியலை வெளியிடும் யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். முதலாவது, தனிப்பட்ட விபரம். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சிலர் காட்டுகிறார்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் ஒட்டும்படி எவரும் கேட்கவில்லை. பெயர், வீட்டு இலக்கம், கொடுப்பனவின் வகை, தொகை ஆகிய நான்கு போதும். வாக்காளர் இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. யார் எந்த வீட்டில் வாழ்கிறார் என்பதை யாரும் பார்க்கலாம், ஆட்சேபிக்கலாம். 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியபோது, தெரிவானவர்களின் பட்டியல் காட்சிப்படுத்தப்பட்டு மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் கோரப்பட்டன. அந்தத் தெரிவில் எத்தனையோ குளறுபடிகள் இருந்தன. ஆனால் குளறுபடிகள் வெளியே தெரிந்ததற்கும், இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்ததற்கும் பட்டியல் வெளியானதே காரணம். வறுமைக்குக் கிடைக்கும் பணத்தை ஊரறியச் சொல்லலாம், வெள்ளத்துக்குக் கிடைக்கும் பணத்தைச் சொல்லக் கூடாது என்பது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது காரணம் சற்றுக் கனமானது. பட்டியலை ஒட்டினால் அயலவர்களுக்கிடையே சண்டை மூளும், கிராம உத்தியோகத்தரின் வீட்டுக்குக் கல்லெறிவார்கள் என்கிறார்கள். எறிந்தும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சண்டை இப்போதும் இருக்கிறது. இப்போது அது வதந்தியின் மேல் நடக்கிறது. 'அந்தத் தெருவில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தார்களாம்', 'அவர்களுடைய ஆட்களுக்கு இரண்டு முறை கொடுத்தார்களாம்' என்ற பேச்சு, பல இனத்தவர் கலந்து வாழும் வெல்லம்பிட்டி போன்ற இடங்களில் எந்தப் பட்டியலையும்விட ஆபத்தானது. ஆட்சேபனையைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்காமல் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டுப் பெற்று, குறித்த நாள்களுக்குள் காரணத்துடன் எழுத்தில் பதில் பெறும் முறை இருந்தால் கல்லுக்கு வேலை இராது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதன்படி தகவல் உத்தியோகத்தர் தமது முடிவைச் சொல்ல 14 வேலை நாள்கள், தகவலைக் கொடுக்க மேலதிக அவகாசம், மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதன் பின்னர் ஆணைக்குழு. முகாமிலிருந்து திரும்பிச் சேறு வாரும் ஒருவரிடம் இந்தப் பாதையைக் காட்டுவது கேலி செய்வதற்கு ஒப்பாகும். அவர் தகவலைப் பெறுவதற்குள் நிவாரணக் கணக்கே மூடப்பட்டுவிடும். கேட்டுப் பெறவேண்டிய தகவலாக இல்லாமல், கேளாமலே வெளியிடப்படவேண்டிய தகவலாக நிவாரணப் பட்டியல் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அரச கருத்திட்டங்களைத் தொடங்குமுன்னரே அவை பற்றிய தகவல்களை மக்களுக்குத் தாமாகவே அறிவிக்கும்படி அமைச்சர்களைக் கடமைப்படுத்துகிறது. உள்நாட்டுப் பணத்தில் நடப்பதாயின் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கருத்திட்டத்துக்கே அந்தக் கடமை உண்டென்றால், 2025 டிசம்பரில் பாராளுமன்றம் 500 பில்லியன் ரூபாய்க்குக் குறைநிரப்பு மதிப்பீட்டை நிறைவேற்றிய நிவாரணப் பணிக்கு அதைவிடக் கூடுதலான வெளிப்படைத்தன்மையை எதிர்பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனமாகாது.

கணக்காய்வு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பின்னர் நிரந்தர நியமனம் மாதக்கணக்கில் இழுபட்டதையும், நாட்டின் மிகப்பெரிய அனர்த்தங்களுள் ஒன்று அந்த இழுபறிக்கு நடுவிலேயே வந்து சேர்ந்ததையும் நாம் பார்த்தோம். கணக்காய்வு அறிக்கை வருவதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடுகிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்பவர் என்ன சொல்வார்? 'எனக்குக் கிடைக்கவில்லை, மற்றவருக்குக் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்' என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் முறைப்பாடும் வதந்தியாகவே போய்ச் சேர்கிறது.

தாமாகவே பட்டியலைக் காட்சிப்படுத்தும் பிரதேச செயலாளர்கள் நாட்டில் இருக்கலாம். நான் சேவையில் இருந்த காலத்திலும் அத்தகைய ஒருவரின் கீழ் சில மாதங்கள் வேலை செய்திருக்கிறேன். அவர் மாற்றலாகிப் போனபோது பட்டியல் ஒட்டிய பலகையும் கழற்றப்பட்டது. ஆகவேதான் இது அதிகாரியின் நற்குணத்தைப் பொறுத்த விடயமாக இல்லாமல், அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பான அமைச்சும் பொது நிர்வாக அமைச்சும் சேர்ந்து வெளியிடும் சுற்றுநிருபமாக வர வேண்டும் என்கிறேன். மேலதிகமாக, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியலும் காரணத்தோடு கூடவே ஒட்டப்பட வேண்டும். பெற்றவர் பட்டியலைவிட இதுவே முக்கியமென்று நினைக்கிறேன். விடுபட்டவருக்கு முதன்முதலாக ஒரு காகிதம் கிடைப்பது அப்போதுதான். சமத்துவ உரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தாலும் கையில் கொண்டுபோக அந்தக் காகிதம் இருக்கும். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, வயதுவந்த குடியிருப்பாளர் அனைவரின் பெயரையும் எழுதும்படி செய்வதற்கும் இதே சுற்றுநிருபத்தில் இடமுண்டு.

தென்மேல் பருவமழை மே மாதத்தில் களனியை மீண்டும் நிரப்பத் தொடங்கும். அதற்கு முன்னர் இந்தச் சுற்றுநிருபம் வெளியாகுமா என்று தமது தொகுதி மக்களுக்காகப் பாராளுமன்றத்தில் கேட்கும்படி கொழும்பு, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தமிழ் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பத்திரிகையின் பிரதேச நிருபர்களும் தத்தம் பகுதிப் பிரதேச செயலகங்களில், டித்வா கொடுப்பனவுப் பட்டியல் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளதா, இல்லையெனில் எந்த உத்தரவின் பேரில் வைக்கப்படவில்லை என்று எழுத்தில் கேட்டு, கிடைக்கும் பதில்களைச் செயலகத்தின் பெயரோடு பிரசுரித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கொழும்பு 14.